வைன் கூலருக்குள் அம்மாவின் இன்சுலினை வைக்கலாமா?

யாழ்ப்பாண நகரை அண்டிய ஓர் ஊரிலிருந்து ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 71 வயது. நெடுநாள் சலரோகம். நான்கு வருடமாகக் காலையும் மாலையும் கலப்பு இன்சுலின் போடுகிறார். கிளினிக்கில் தரும் குப்பிகள் குசினியில் உள்ள பழைய ஒற்றைக் கதவுப் பிறிஜ்ஜில் இருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் அந்தக் குப்பிகள் ஐஸ்பெட்டிக்கு அருகே தள்ளுப்பட்டு உறைந்துவிட்டன. மருந்தை வீணாக்கக்கூடாது என்று வெளியே எடுத்து இளகவிட்டு, அதையே பாவித்து வருகிறார்கள். பிறகு அம்மாவின் சீனி ஏறத் தொடங்கியது. போன கிளினிக்கில் காலை அளவை 18 யூனிற்றிலிருந்து 24 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். குப்பி உறைந்ததை அங்கே சொல்லவில்லை.

இந்த நேரத்தில் சுவிஸில் இருக்கும் அண்ணா பொதியில் ஒரு வைன் கூலர் அனுப்பியிருக்கிறார். 12 போத்தல் கொள்ளும்; கம்பிரசர் இல்லாதது, சத்தம் போடாதது. திரையில் 12 பாகை என்று காட்டுகிறது. அண்ணா ஆடி மாதம் வந்து நிற்கும்போதுதான் அதற்கு வேலை. மற்ற மாதங்களில் வெறுமையாகக் கிடக்கும். "இதற்குள் இன்சுலினை வைத்தால் உறையவும் மாட்டாது, பிள்ளைகள் அடிக்கடி திறக்கவும் மாட்டார்கள் அல்லவா?" என்று கேட்கிறார் ஆசிரியை. அம்மாவோ, "குடிவகை வைக்கிற பெட்டிக்குள்ள என்ர மருந்தை வையாதை பிள்ளை" என்கிறார். அடுத்த முறை கம்பிரசர் உள்ள பெரிய கூலர் ஒன்று எடுப்பதாகச் சொல்லும் அண்ணாவுக்கு எந்த வகை என்று தெரியவேண்டும். சலரோகத்துக்கு மாத்திரை மட்டும் எடுக்கும் அப்பாவுக்கு, "சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது" என்று இரவில் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுப்பதும் அவர்தான். அது சரியா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது பெட்டி இல்லை; அந்த உறைந்த குப்பி. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பகுதியை இன்றைக்கே செய்யுங்கள். மிச்சம் ஆறுதலாகச் செய்யலாம்.

உறைந்த குப்பியும் கூட்டிய அளவும்

ஒருமுறை உறைந்த இன்சுலினைத் திரும்பப் பாவிக்கக்கூடாது. இளகியபின் பார்ப்பதற்கு முன்புபோலவே இருந்தாலும் அதன் வலு எவ்வளவு போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. கலப்பு இன்சுலினில் பால்போல் கலங்கித் தெரியும் துணிக்கைகள் இருக்கின்றன. உறையும்போது அவை திரண்டு கட்டிபடும். உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டிய பிறகும் அடியில் கட்டியோ, குப்பியின் சுவரில் வெள்ளைப் படலமோ தெரிந்தால் அது கெட்டுவிட்டது. அப்படி ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக உறைந்த குப்பி நல்லதாகிவிடாது.

இனிமேல் சொல்வதை மிகக் கவனமாக வாசியுங்கள். அம்மாவின் சீனி ஏறியதற்கு வலுவிழந்த மருந்து காரணமாக இருந்திருக்கக்கூடும். வைத்தியருக்கு அது தெரியாது. அதனால் அளவைக் கூட்டினார். நீங்கள் இப்போது நல்ல புதுக் குப்பியை வாங்கி, அதே 24 யூனிற்றைப் போட்டால், முழு வலுவோடு இறங்கும் மருந்து அம்மாவின் சீனியை ஆபத்தான அளவுக்குக் கீழே கொண்டுபோகலாம். ஏறிய சீனியைவிட இறங்கிய சீனி ஒரு வயோதிபரை வேகமாக விழுத்தும். எனவே, பழைய குப்பியை நிறுத்துங்கள். இன்சுலினை நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பியையும் அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு, கிளினிக் நாள் வரை காத்திராமல் வைத்தியரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். 18 ஆ, 24 ஆ, இரண்டுக்கும் இடையிலா என்பதை அம்மாவை நேரில் பார்ப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். கடிதத்தை வாசித்து நான் சொல்வது சரியாகாது. ஏனென்றால் சீனி ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு: எங்காவது கிருமித்தொற்று, ஒரே இடத்தில் ஊசி போட்டுப் போட்டு வயிற்றில் வந்த தடிப்பு, மாம்பழக் காலம். அதையும் அவர் பார்ப்பார்.

ஏச்சு விழும் என்று பயந்து நீங்கள் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வைத்தியருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறொன்று இருக்க முடியாது. மருந்தை வீணாக்கக்கூடாது என்ற எண்ணம் தட்டுப்பாட்டுக் காலங்களைக் கண்ட வீடுகளில் ஊறிப்போனது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

புதுக் குப்பி தொடங்கிய முதல் இரண்டு வாரமும் சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும்முன்னும் குளுக்கோமீற்றரில் பாருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்க் கோபம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை சீனி இறங்குவதன் அறிகுறிகள். 70 இற்குக் கீழே வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

வைன் கூலர் எதற்குப் பொருந்தும்

உங்கள் யோசனையில் பாதி சரி, பாதி பிழை. திறக்காத குப்பிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அப்போதுதான் பெட்டியில் அச்சிட்ட காலாவதித் திகதி செல்லுபடியாகும். வைனுக்கு அவ்வளவு குளிர் வேண்டாம். நீண்டகாலம் வைத்திருக்க 12, 13 பாகை போதும்; அதற்காகவே இந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். ஆகவே 12 பாகை அண்ணாவின் போத்தலுக்குச் சரி. அம்மாவின் சேமிப்புக் குப்பிக்குப் போதாது.

அந்த 12 உம் உண்மையான 12 தானா என்பது அடுத்த கேள்வி. கம்பிரசர் இல்லாத கூலர்கள் பெல்ற்றியே விளைவால் குளிரூட்டுகின்றன. இரண்டு வேறு பொருள்கள் சேரும் இடத்தினூடாக மின்சாரம் போகும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பெல்ற்றியே 1834 இல் கண்டறிந்தார். சத்தமும் அதிர்வும் இல்லாதது இதன் நன்மை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு: சுற்றியுள்ள காற்றைவிட ஏறத்தாழ 15 முதல் 20 பாகைதான் குறைக்க முடியும். சுவிஸில் 22 பாகை அறையில் அது நிம்மதியாக வேலை செய்யும். சித்திரை, வைகாசிப் பிற்பகலில் எங்கள் வீடுகளுக்குள் 33 பாகை நிற்கும்போது, உள்ளே 15, 18 என்று இருந்தாலே பெரிய காரியம். சில கூலர்களின் திரை நீங்கள் கேட்ட வெப்பநிலையைக் காட்டுமே தவிர, உள்ளே இருக்கும் வெப்பநிலையைக் காட்டாது. ஒரு கிளாஸ் தண்ணீரை உள்ளே வைத்து, அதற்குள் ஒரு வெப்பமானியை விட்டு, மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பாருங்கள். அந்த இலக்கத்தை நம்புங்கள்.

இந்தச் சூட்டில் அது ஓய்வில்லாமல் ஓடும் என்பதையும் யோசியுங்கள். 60 வோற் பெட்டி ஒன்று நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 43 யூனிற் வரும். மாதப் பாவனை 60 யூனிற்றைத் தாண்டினால் கட்டண வகையே மாறிவிடும். அண்ணா இல்லாத மாதங்களில் வெறும் பெட்டியை ஓடவிடத் தேவையில்லை.

இனிச் சரியான பாதி. திறந்து பாவிக்கும் குப்பிக்குப் பிறிஜ் கட்டாயமில்லை. பெரும்பாலான இன்சுலின் வகைகளைத் திறந்தபின் 25 அல்லது 30 பாகைக்குக் கீழே நான்கு வாரம் வைத்திருக்கலாம். துல்லியமான எண் உங்கள் குப்பியோடு வரும் தாளில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். குளிர்ந்த மருந்து போடும்போது கூடுதலாக நோகும் என்பதால் அறைச் சூட்டில் இருப்பது அம்மாவுக்கும் சுகம். அந்த வகையில் 16 பாகையில் நிற்கும் வைன் கூலர் திறந்த குப்பிக்கு உண்மையிலேயே நல்ல இடம். ஈரம் படாமல் மூடியுள்ள சிறிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து, திறந்த திகதியைக் குப்பியில் எழுதிவிட்டால் போதும்.

சூட்டைப் பற்றி எங்களுக்குள்ள பயம் சற்று மிகையானது என்றும் சொல்ல வேண்டும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் டகஹாலி அகதி முகாமில் நிலவும் வெப்பத்தை அளந்து, 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் சூட்டில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துப் பரிசோதித்து, 2021 இல் முடிவை வெளியிட்டன. குளிரில் வைத்த குப்பிக்கும் அதற்கும் வலுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. இதை வாசித்துவிட்டுக் குப்பியை வெயிலில் வைக்காதீர்கள். தாளில் உள்ள எல்லை இன்னும் அதேதான். ஒரு நாள் கரண்ட் போனதற்காக மருந்தை எறியவும் வேண்டாம். சூடு இன்சுலினை மெல்ல மெல்லக் கெடுக்கும். உறைதல் ஒரே இரவில் கெடுத்துவிடும். உங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது.

பழைய பிறிஜ்ஜே போதும்

சேமிப்புக் குப்பிகளுக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒற்றைக் கதவுப் பிறிஜ்ஜில் ஐஸ்பெட்டிக்குக் கீழேயுள்ள தட்டும் பின்சுவரும்தான் உறையும் இடங்கள். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடாகும். நடுத்தட்டில், முன்பக்கமாக, சுவரில் முட்டாமல், மூடியுள்ள பெட்டிக்குள் குப்பிகளை வையுங்கள். அவை தள்ளுப்படாமல் இருக்க அந்தப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு தண்ணீர்ப் போத்தலை நிறுத்துங்கள். தண்ணீர் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போகும் நேரத்திலும் உதவும். ஐஸ்பெட்டியில் பனி தடித்தால் உருகவிடுங்கள்.

நீங்கள் வாங்க வேண்டிய ஒரே பொருள், ஆகக்கூடியதையும் ஆகக்குறைந்ததையும் நினைவில் வைத்திருக்கும் சிறிய டிஜிற்றல் வெப்பமானி. குப்பிகள் இருக்கும் பெட்டிக்குள்ளேயே அதை வைத்து, காலையில் இன்சுலின் போடும் நேரத்தில் இரண்டு இலக்கத்தையும் பாருங்கள். ஆகக்குறைந்தது 2 இற்குக் கீழே போயிருந்தால் தட்டை மாற்றுங்கள், அல்லது குளிர் குறையும் பக்கம் குமிழைத் திருப்புங்கள்.

2022 போல நீண்ட மின்வெட்டு திரும்ப வந்தால், முதலில் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பிறிஜ் நான்கு மணித்தியாலம்வரை குளிரைக் காக்கும். நாள்கணக்கில் கரண்ட் இல்லையென்றால், அந்தக் குப்பிகளைத் திறந்த குப்பிபோலக் கணக்கிட்டு நான்கு வாரத்துக்குள் பாவியுங்கள். ஐஸ் கட்டி வாங்கி வந்து நேரே அதன்மேல் குப்பியை வைக்க வேண்டாம், திரும்பவும் உறைந்துவிடும். இடையில் தடித்த துவாய் ஒன்று இருக்கட்டும்.

அம்மாவின் மறுப்பு

"குடிவகை வைக்கிற பெட்டி" என்று அம்மா சொல்வதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மூடிய போத்தல் அருகில் இருப்பதால் மூடிய குப்பிக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அவர் பக்கமே நிற்பேன். நல்லூர்க் கொடியேறினால் மச்சச் சட்டியையே தனியே ஒதுக்கிவைக்கும் வீடுகள் எங்களுடையவை. நாளுக்கு இருமுறை தன் உடம்பில் ஏற்றும் மருந்தை எங்கே வைப்பது என்பதில் அம்மாவின் சொல்லுக்கு இடம் இருக்க வேண்டும். மனம் ஒவ்வாத இடத்திலிருந்து வரும் ஊசியை அவர் சாட்டுச் சொல்லித் தள்ளிப்போடத் தொடங்கினால், எவ்வளவு குளிரான பெட்டியாலும் பயனில்லை.

திறந்த குப்பிக்கு அவரே ஏற்றுக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று உண்டு: மண்பானை. 1990 நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமே இல்லாமல் இருந்ததை அம்மா மறந்திருக்கமாட்டார். பூச்சு இல்லாத ஒரு பெரிய பானை, அதற்குள் ஒரு சிறிய பானை, இரண்டுக்கும் இடையில் ஈர மணல். குப்பியைத் தண்ணீர் புகாத சிறிய பெட்டிக்குள் இட்டு உள்பானையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, வெயில் படாத, காற்றோட்டமான விறாந்தையில் வையுங்கள். காலையும் மாலையும் மணலை நனையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று உலர்ந்திருக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்யும். எங்களுக்கு வாய்ப்பாக, சோளகம் வீசும் மாதங்கள்தான் கடும் சூட்டு மாதங்களும். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் பானை அவ்வளவு குளிராது. அப்போது அறையே குளிராக இருப்பதால் கவலையில்லை. இங்கேயும் வெப்பமானியால் ஒருமுறை அளந்து பாருங்கள். பானை 8 பாகைக்கு இறங்காது. எனவே சேமிப்புக் குப்பிகளுக்கு அது உதவாது.

அண்ணா புதிதாக வாங்குவதென்றால்

வைனுக்கென்றே ஒரு கூலர் வேண்டும் என்று அவர் நினைத்தால், கம்பிரசர் வகைதான் எங்கள் காலநிலைக்குத் தாங்கும். ஆனால் ஐரோப்பாவில் வாங்கும்போது பின்பக்கத் தகட்டில் உள்ள காலநிலை வகுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். 'என்', 'எஸ்என்' என்று இருந்தால் அது 32 பாகை வரைக்குமே செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அரை வருடம் அந்த எல்லையில் தத்தளிக்கும். 'எஸ்ரி' 38 பாகைவரை, 'ரி' 43 பாகைவரை. பின்னவை இரண்டில் ஒன்றாக இருக்கட்டும். சுவிஸ் மின்சாரமும் எங்களைப்போல 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்பதால் அதில் பிரச்சினையில்லை. பிளக் மட்டும் வேறு. மின்தொழில் தெரிந்தவரைக் கொண்டு நில இணைப்போடு மாற்றுங்கள். கனடாவிலிருந்து யாராவது அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 120 வோல்ற். என்னைக் கேட்டால், உள்ளூரில் உத்தரவாதத்தோடு வாங்குவதே நல்லது. பொதியில் வந்த பெட்டி பழுதானால் உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது?

படுக்கப்போட்டு ஏற்றி வந்த கம்பிரசர் பெட்டியை நிமிர்த்தி, ஒரு நாள் விட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். அடுப்படியிலும் மேற்குச் சுவரோரத்திலும் வைக்கவேண்டாம். பின்னால் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். பூட்டுள்ளதாக வாங்குங்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிவப்பு வைனுக்கு 15, 16 பாகையும் வெள்ளைக்கு 8 முதல் 12 பாகையும் பருகும்போது பொருத்தம். வருடத்தில் சில கிழமைக்கு நாலைந்து போத்தல்தான் என்றால், நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பெட்டியே தாராளம்.

அப்பாவின் கிளாஸ்

வைனை இதய மருந்தாக அப்பாவுக்குக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. மிதமாகக் குடிப்பவர்களுக்கு இதயநோய் குறைவு என்று முந்தைய ஆய்வுகள் சில சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வுகளில் குடிக்காதவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் இருந்தார்கள், ஒப்பீடே கோணலாகிவிட்டது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

அப்பாவுக்கு இன்னுமொரு ஆபத்து இருக்கிறது. அவர் எடுக்கும் மாத்திரைகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதில் கிளிக்கிளசைட் போன்ற ஒன்று இருந்தால், அது உணவு குறைந்த நேரத்திலும் சீனியை இறக்கும். அப்படி இறங்கும்போது ஈரல்தான் சேமிப்பிலிருந்தும் புதிதாக உண்டாக்கியும் சீனியை வெளியே விட்டுக் காப்பாற்றும். மது உள்ளே போனால், ஈரல் முதலில் அதை அகற்றும் வேலையில் இறங்கிவிடும். புதிதாகச் சீனி உண்டாக்குவது குறைந்துபோகும். இரவு குடித்ததன் விளைவு விடியற்காலையில் தெரியலாம். அப்போது தள்ளாட்டத்தையும் குழறலையும் பார்த்து, "நேற்றுப் போட்டது இறங்கவில்லை" என்று வீட்டார் படுக்கவிட்டுவிடுவார்கள். இதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

மகன் வருடத்துக்கு ஒருமுறை வந்து பக்கத்தில் இருக்கும் இரவு அப்பாவுக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். வைன் இல்லாமலும் அவர்கள் அப்படி இருக்கலாம் என்று அண்ணாவிடம் சொல்லிப் பாருங்கள். அதையும் மீறி அப்பா எடுப்பாரானால், வெறுவயிற்றில் வேண்டாம்; சோறோ இடியப்பமோ சாப்பிடும்போது, சிறிய அளவில், ஒன்றோடு நிறுத்தட்டும். படுக்கும்முன்னும் காலையில் எழுந்ததும் சீனி பாருங்கள். மெற்ஃபோமின் எடுக்கிறார் என்றால், அதிகமாகக் குடிப்பது இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தையும் சேர்க்கும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அந்த மாத்திரையைத் தொடர்வதா, மாற்றுவதா என்று வைத்தியர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.